இறங்கச் சொன்னார்கள், ஏறாதே என்றார்கள்

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில் கொஸ்லந்தைப் பக்கம் வந்தால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெட்டவெளி. மழையில்லாத காலையில் அந்த வெளியின் கடைசியில், அம்பாந்தோட்டைத் திசையில், வெள்ளிக் கோடு ஒன்று தெரியும். அது கடல். கொஸ்லந்தையிலும் மீரியபெத்தயிலும் பிறந்து வளர்ந்த பலருக்குக் கடல் என்றால் அந்தக் கோடுதான். அவர்களுடைய குடும்பங்களின் கதையைத் தீர்மானித்த கடல் வேறு. அது வடக்கே, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கிறது. பாட்டன் பூட்டன் தோட்ட வேலைக்காக அதைத் தாண்டித்தான் வந்தார்கள். பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் அதைத் தாண்டித்தான், பெரும்பாலும் இரவில், சின்னப் படகுகளில், திரும்பிப் போனார்கள்.

அந்தக் கடலில் ஒரு படகு கவிழ்ந்தாலோ, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் மணல்திட்டில் கைவிடப்பட்டாலோ, நாட்டில் உடனே எழும் கேள்வி ஒன்றுண்டு: ஆபத்து என்று தெரிந்தும் ஏன் ஏறினார்கள்? மீரியபெத்தயில் மலை சரிந்தபோதும் ஒரு கேள்வி எழுந்தது: ஆபத்து என்று தெரிந்தும் ஏன் இறங்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளும் ஒரே மக்களிடம்தான் கேட்கப்படுகின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருக்கிறேன்.

மீரியபெத்த, அம்பிட்டிகந்த தோட்டத்தின் ஒரு பிரிவு. 2014 அக்டோபர் 29, புதன்கிழமை, காலை ஏழரை மணியளவில் மேலே இருந்த சரிவு சேறாகக் கழன்று வந்து, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களை மூடியது. பிள்ளைகளில் பலர் அதற்குள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, வீட்டில் விட்டுவந்த அம்மாவும் அப்பாவும் இல்லை. முதல் நாள் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றார்கள். பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து முப்பத்துச் சொச்சத்தில் நின்றது. பலருடைய உடல் இன்றுவரை மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. எத்தனை பேர் அந்த லயங்களில் இருந்தார்கள் என்பதையே அரசாங்கத்தால் உடனே சொல்ல முடியவில்லை. எண்ணிக்கை குறைந்ததில் எல்லோருக்கும் ஆறுதல்தான். ஆனால் ஒரு தோட்டப் பிரிவில் யார் யார் வாழ்கிறார்கள் என்ற பதிவு, மண் விழுந்த அன்றைக்குக் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கவில்லை. இரவில் புறப்படும் படகுக்கும் பயணிகள் பட்டியல் கிடையாது. மூழ்கினால் எத்தனை பேர் என்று கரையில் இருப்பவர்கள் ஊகிக்கத்தான் முடியும்.

எச்சரிக்கை கொடுக்கப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் அந்த இடம் வாழத் தகுந்ததல்ல என்று சொல்லியிருந்தது. சரிவுக்குப் பிறகு அதிகாரிகள் அந்த ஆண்டுகளைத்தான் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டார்கள். சொன்னோம், கேட்கவில்லை என்பதே அதன் பொருள். பூனாகலைப் பக்கம் ஒரு வயதான அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எறங்கச் சொன்னாங்க தம்பி. எங்க எறங்குறதுன்னு சொல்லல" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் தோட்டத்து வாழ்க்கையின் முழு அமைப்பும் இருக்கிறது. லயத்து அறை அதில் வாழ்பவருக்குச் சொந்தமில்லை. அதன் கீழே இருக்கும் மண்ணும் சொந்தமில்லை. நிலம் அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது, அறை வேலையோடு சேர்ந்தது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை தலைக்கு மேல் தகரம் இருக்கும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தாக வேண்டும். தோட்டத்தைவிட்டு ஐந்து மைல் தள்ளி வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு, பஸ் காசு கொடுத்து, நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துவது யாருக்கும் கைகூடியதில்லை. காணித்துண்டு வாங்கலாம் என்றால், விற்க அங்கே காணி இல்லை, வாங்கக் காசும் இல்லை. இப்படி இருக்கும் ஒரு குடும்பத்திடம் "வெளியேறுங்கள்" என்று எழுதிய ஒரு தாளைக் கொடுத்தால், அந்தத் தாளை அவர்கள் என்ன செய்வது? மழை பிடித்தால் ஓர் இரவு பாடசாலை மண்டபத்தில் படுத்துவிட்டு, மழை விட்டதும் திரும்பி வருவார்கள். அதைத்தான் செய்தார்கள். சரிவில் தப்பியவர்கள் பூட்டிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் இருந்தார்கள். 2016 அக்டோபரில்தான் மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2005-இல் சாத்தியமில்லாமல் இருந்த காணி, சாவு விழுந்தபின் சாத்தியமாயிற்று.

இனி கடலுக்கு வருகிறேன்.

தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் படகேறிப் போனவர்களின் பேச்சைக் கேட்டால், அந்த இரவின் வடிவம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பகல் முழுக்க யாரோ ஒருவருடைய வீட்டிலோ பனைக்கூடலிலோ காத்திருத்தல். நிலவு இல்லாத இரவாகப் பார்ப்பார்கள். இருபது அடி நீளமுள்ள ஃபைபர் படகு, பின்னால் ஒரு வெளிக்கட்டு இயந்திரம். மீனுக்கும் வலைக்கும் அளந்து செய்த படகில் ஆட்கள் ஏறுவார்கள். விளக்கு கிடையாது. போனை அணைத்துவிடச் சொல்வார்கள். குழந்தை அழக்கூடாது. படகின் அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கிடக்கும். அதில் எரிபொருள் கசிந்து கலந்திருக்கும். பெண்களையும் பிள்ளைகளையும் பத்திரமென்று நினைத்து நடுவில் கீழே உட்காரவைப்பார்கள். எண்ணெயும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து ஊறிய துணி இரண்டு மணி நேரத்தில் தொடைத் தோலைப் புண்ணாக்கிவிடும். கரை சேர்ந்தபின்தான் எரிச்சல் தெரியும். அதுவரை பயம் அதைத் தெரியவிடாது.

பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். ஆழமில்லாத தண்ணீர் என்றால் அபாயம் குறைவு என்று மலையிலிருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. ஆழம் குறைந்த இடத்தில் காற்று பிடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டும் எழும்பும். பெரிய கடலின் நீண்ட அலையில் ஏறி இறங்கிவிடும் சின்னப் படகு, இந்த அலையில் மூக்கைக் குத்திக்கொள்ளும். சோளகக் காற்று பலக்கும் மாதங்களிலும் வாடைக்காலத்திலும் மீனவர்களே யோசித்துத்தான் இறங்குவார்கள். ஏஜெண்டுக்குப் பணம் கட்டியவருக்கு அந்த யோசனை இல்லை. எந்த நாளில் போவது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. எந்தக் காற்றில், எத்தனை பேரோடு, எந்தத் திசையில் என்பதும் அவர் கையில் இல்லை.

நடுவே தீடைகள் இருக்கின்றன. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை வரிசையாகக் கிடக்கும் மணல்திட்டுகள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தக்கபடி வடிவம் மாறிக்கொண்டே இருப்பவை. இந்தியக் கடலோரக் காவல் படையிடம் படகு சிக்கிவிடும் என்று பயந்து, ஓட்டுபவர்கள் ஆட்களை இங்கேயே இறக்கிவிட்டுத் திரும்புவதுண்டு. 2022 மார்ச் 22 அன்று, இலங்கையில் அரிசியும் எரிவாயுவும் பால்மாவும் கிடைக்காத அந்த நாட்களில், அப்படித்தான் ஆறு பேர் தனுஷ்கோடிக்கு அருகே ஒரு திட்டில் நின்றார்கள். அவர்களில் கைக்குழந்தையும் இருந்தது. மரம் இல்லை, நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராஃப்ட் வந்து ஏற்றிப் போனது. அந்த ஜூனில் முதிய தம்பதியர் இருவர் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கரையில் மயங்கிக் கிடந்தார்கள். மூதாட்டி மருத்துவமனையில் இறந்தார். வேலை தேடி வந்தவர் என்றோ, ஆசைப்பட்டு வந்தவர் என்றோ அந்த வயதில் ஒருவரைச் சொல்ல முடியுமா?

இதே நீரிணையின் வேறொரு கரையில் வேறொரு மக்கள் வாழ்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வல்வெட்டித்துறைக்காரர்கள் கப்பல் கட்டத் தெரிந்தவர்கள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டி 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. அந்த ஊர் மனிதர் இரவில் கடல் தாண்டினால் அது அவருடைய தொழில், அவருடைய கல்வி, அவருடைய தீர்மானம். நட்சத்திரமும் காற்றும் அவருக்குப் பழக்கம். திரும்பிவிடலாம் என்று நினைத்தால் திரும்பவும் தெரியும். தேயிலை மலையில் பிறந்தவருக்கு இது எதுவும் இல்லை. பலருக்கு நீச்சலே தெரியாது. அவர் கடலை நம்பி ஏறுவதில்லை. கரையில் நிற்க முடியாமல் ஏறுகிறார்.

மலைநாட்டுக்காரர் எப்படி மன்னார்க் கரைக்கு வந்தார் என்று கேட்கலாம். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு வன்முறையின்போதும் தோட்டங்களைவிட்டு வடக்கே வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில். ஊவாவிலிருந்தும் போனார்கள். வன்னி மண்ணில் கிணறு தோண்டி, நிலக்கடலை போட்டு, ஓலைக்கொட்டில் கட்டி நிமிர்ந்த நேரத்தில் போர் வந்தது. அங்கிருந்தும் கிளம்பினார்கள். அதற்குமேல் வடக்கே நிலம் இல்லை, கடல்தான். இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லோரும் இலங்கை அகதிகள்.

அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடம் மண்டபம் முகாம். அந்த வளாகத்தின் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை அரசாங்கமே அதை நடத்தியது. தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை, அம்மையோ வாந்திபேதியோ இருக்கிறதா என்று பார்த்து, சில நாள் ஒதுக்கி வைத்து, பிறகு கப்பலேற்றும் இடம். 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். குடியுரிமையற்ற ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் மலையக மனிதர்கள் கணக்கில் பிரிக்கப்பட்டார்கள். ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன்படி தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் என்ற கப்பலில் திரும்பியவர்களில் பலர் மண்டபத்தில்தான் தங்கினார்கள். 1983-க்குப் பிறகு படகில் வந்த அகதிகளுக்கும் அதே மண்டபம். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள், போகும்போதும் அனுப்பப்பட்டபோதும் தப்பி ஓடிவந்தபோதும், அந்த ஒரே மணலில் வரிசையில் நின்றிருக்க முடியும்.

பழைய பயணமும் இரவும் படகுமாகவே தொடங்கியது. தொண்டி, அம்மாப்பட்டினம், தேவிபட்டினம் என்று கங்காணிகள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து பாய்த்தோணியில் ஏற்றினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நடை. காட்டுவழியில் வாந்திபேதி கண்டு விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள். 2023 ஜூலை 28-இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12-இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்த வழியைத்தான் மீண்டும் மிதித்தது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர இதைவிடச் சரியான வழி இருந்திருக்க முடியாது. அந்தத் தோணிகளை ஏற்பாடு செய்தவர்கள் தோட்ட முதலாளிகள். ஆள் வேண்டும் என்று எழுதியது அரசாங்கம். ஆனால் 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டபின், கள்ளத்தோணி என்ற ஏச்சு விழுந்தது தோணியில் ஏற்றப்பட்டவர்களின் பிள்ளைகள்மேல்.

அகதியாகப் படகேறிய அந்த ஒரு இரவின் பயணம் எத்தனை நீளமானது என்பதைச் சட்டப்புத்தகம் காட்டும். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் 2003-இல் செய்த திருத்தம், உரிய ஆவணமில்லாமல் நாட்டுக்குள் வந்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று வரையறுத்தது. அப்படி வந்தவர் பதிவு செய்தும் குடிமகனாக முடியாது. அவருக்கு அதன்பின் பிறக்கும் பிள்ளை, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தாலும், பிறப்பால் குடியுரிமை பெற முடியாது. பெற்றோரில் ஒருவர் அப்படி வந்தவராக இருந்தாலே போதும். 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் முன்னால் வந்த வழக்கு இதைப் பற்றியதுதான். தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் 65 பேர், தாங்கள் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் என்று சொல்லி குடியுரிமை கேட்டிருந்தார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே வழிவிட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 1964 ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த மக்களின் பேரப்பிள்ளை, கப்பலில் வராமல் படகில் வந்துவிட்டார் என்பதற்காக முகாமில் இருக்கிறார். கப்பல் ஏன் கிடைக்கவில்லை? 1984-இல் போரோடு அந்தக் கப்பல் நின்றுபோனது. பாஸ்போர்ட் வாங்கி வைத்துக்கொண்டு போக வழியில்லாமல் மலையிலேயே நின்றவர்களும் இருந்தார்கள்.

முகாமும் தரையாக இல்லாதபோது மறுபடி படகு. 2021 அக்டோபரில் 89 தமிழர்கள் ஏறிய மீன்பிடிப் படகு ஒன்று, கனடாவை நோக்கிப் போகிறோம் என்ற நம்பிக்கையில் இந்தியப் பெருங்கடலில் பழுதாகி, பிரிட்டிஷ்-அமெரிக்கப் படைத்தளமான தியாகோ கார்சியாவில் போய் ஒதுங்கியது. அந்தப் படகில் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளோடு கூடாரங்களில் மூன்று ஆண்டுகளுக்குமேல் அடைபட்டுக் கிடந்தபின், 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே சொன்னது.

ஏஜெண்டுகளைப் பிடிப்பதும் கரையோரத்தில் ரோந்து போவதும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆளைத் தீடையில் இறக்கிவிட்டு ஓடுகிறவன் கொலைக்குத் துணிந்தவன். அவனைத் தண்டிக்க வேண்டும். படகில் ஏறாதே என்று சொல்லும் சுவரொட்டியும் தவறில்லை. மழை பெய்யும் மலையில் எச்சரிக்கை கொடுக்கும் பொறியியலாளரும் தன் கடமையைத்தான் செய்கிறார். என் மனத்தாங்கல் வேறு. ஆபத்தை அளக்க இரண்டு நாடுகளும் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டன. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சிவப்பு எச்சரிக்கை, வெளியேற வேண்டும். கடலில் ராடார் இருக்கிறது, காற்றின் வேகம் மணிக்கு மணி அறிவிக்கப்படுகிறது. இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர்கள், அந்த மனிதர் போய் நிற்க வேண்டிய இடத்தை மட்டும் அவருடைய சொந்தப் பொறுப்பாக விட்டுவிடுகிறார்கள். பிறகு அவர் மண்ணில் புதைந்தாலும் நீரில் மூழ்கினாலும், சொன்னோம் கேட்கவில்லை என்ற ஒரே பதில் தயாராக இருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை, கண்டி, நுவரெலியா மலைகளில் கொட்டிய மழையில் மறுபடி சரிவுகள், மறுபடி நூற்றுக்கணக்கான சாவுகள். மீரியபெத்தக்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்தப் பதினொரு ஆண்டுகளில் ஆபத்தான சரிவுகள் எவை என்று குறித்த வரைபடங்கள் தெளிவாகிக்கொண்டே வந்தன. வரைபடத்தில் சிவப்பாகக் குறித்த இடங்களில் லயங்கள் அப்படியே நின்றன. ஏழு பேர்ச் காணி தருவோம் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலிலும் மலையேறி வந்து போனது.

செய்ய வேண்டியது என்ன என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஊவாவில் ஒரு லயத்துக்கு வெளியேற்ற அறிவித்தல் கொடுக்கும் நாளிலேயே, எந்தத் தோட்டத்தில், எந்த இலக்கக் காணியில், யார் பெயரில் உறுதி எழுதப்படும் என்ற தாளும் கூடவே கொடுக்கப்பட வேண்டும். அந்தக் காணி கம்பெனியின் குத்தகைக்குள் இருந்தால், அதை விடுவிப்பது அரசாங்கத்தின் வேலை. லயத்துக்காரர் கம்பெனி மேலாளரிடம் போய்க் கெஞ்சிப் பெற வேண்டியதல்ல அது. அக்கரையில், 1964 ஒப்பந்தத்திலும் 1974-இல் அதற்குத் தொடர்ச்சியாக வந்ததிலும் அடங்கும் குடும்பங்களின் வாரிசுகள் எந்த வழியாக வந்திருந்தாலும், அந்த வழியைக் குற்றமாகக் கொள்ளாமல் குடியுரிமை விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்ளச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும். மண்டபத்தில் பிறந்து இன்று இருபது வயதை நெருங்கும் பிள்ளைகள் கல்லூரிப் படிவத்தில் நாட்டுரிமை என்ற கட்டத்தை நிரப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த படகில் யார் ஏறுவார்கள் என்று தேடுகிறவர்கள், முதலில் அந்தக் கட்டத்தை நிரப்ப வழிசெய்யட்டும்.